மணிக்கூண்டு பதில்கள்: சிலை, பானை, கட்டணம்

‘காவிரிப் படுகையில் நெல்லுக்கு அடுத்தபடி நன்றாக விளைந்தது மாணவர் போராட்டம்தான்’ என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. மூட்டுவலி, மாயவரத்து பில்டர் காபி, பேரன் கல்யாணம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள்க.

கேள்வி: ஐயா, பல்கலைக்கழக முகப்பில் நிற்கும் ராஜேந்திரன் சிலையைத் தினமும் கடந்து போகிறேன். சீனியர்களைக் கேட்டால் ‘மொழிப்போர் தியாகி’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னதான் நடந்தது?
(சிதம்பரம் அண்ணாமலைநகரில் படிக்கும் வலங்கைமான் மாணவர்)

தம்பி, நடந்தது 1965 ஜனவரி 27-ம் தேதி. அதற்கு முதல்நாள் குடியரசு நாள். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினைந்து ஆண்டு முடிகிற நாளும் அதுதான். அன்றிலிருந்து மத்திய அரசுக்கு இந்தியே ஆட்சிமொழி என்பது ஏற்பாடு. 1963-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஆங்கிலமும் கூடவே தொடரலாம் என்றார்கள். ஆனால், இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு சொன்ன வாக்கு அந்தச் சட்டத்தில் உறுதியாக ஏறவில்லை. 1964 மே மாதம் நேருவும் காலமாகிவிட்டார். வாக்குக் கொடுத்தவரும் போய், சட்டத்திலும் பிடிமானம் இல்லையென்றால் பையன்கள் என்ன நினைப்பார்கள்?

விடுதி அறைகளில் பேசப்பட்டது தமிழ்ப்பற்று மட்டுமல்ல. மத்திய அரசு வேலைக்கான தேர்வுகள் இந்தியில் வந்துவிட்டால் நம் கதி என்ன என்ற பயமும் பாதி இருந்தது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பலர். ஒரு மா, இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு வைத்துப் படிக்க அனுப்பியிருப்பார்கள். படிப்பு முடிகிற நேரத்தில் கதவு சாத்தப்படும் என்றால் வயிறு எரியாதா? இப்படிச் சொன்னால் மொழிப்போரின் மகிமையைக் குறைக்கிறேன் என்று சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பயந்த பிள்ளைகள் தெருவுக்கு வந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஜனவரி 25-ல் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் மூண்டது. அங்கிருந்து மாநிலம் முழுக்கப் பற்றிக்கொண்டது. 27-ம் தேதி அண்ணாமலைநகரில் மாணவர்கள் திரண்டார்கள், போலீஸ் துப்பாக்கியால் சுட்டது, ராஜேந்திரன் இறந்தார். சிவகங்கைப் பக்கத்துப் பையன். அவருடைய தந்தை காவல்துறையில் வேலை பார்த்தவர் என்பதை உங்கள் சீனியர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். மகனைக் கொன்ற குண்டு வந்தது தான் போட்டிருந்த அதே காக்கியிடமிருந்து என்றால் அந்த மனிதர் மறுநாள் எப்படி வேலைக்குப் போயிருப்பார்? எனக்கு இந்த வயதிலும் இது பிடிபடவில்லை.

அப்புறம் பிப்ரவரியில் நிலைமை இன்னும் மோசமானது. அரசு ஒப்புக்கொண்ட சாவுக் கணக்கே எழுபதை ஒட்டி வரும். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்கைக் காப்பாற்றுவதாக உறுதி சொன்னார். 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சி போனது. விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர் பெ. சீனிவாசன், 65 போராட்டத்தின் மாணவத் தலைவர்களில் ஒருவர். ஆட்சி மாறியதை எல்லோரும் சொல்வார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டதை அதிகம் பேர் சொல்வதில்லை. இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுச் சம்மதிக்காதவரை ஆங்கிலம் தொடரும் என்பது அப்போதுதான் சட்டத்தில் ஏறியது. மாணவர்கள் அரசியல் சட்டத்தையே திருத்தச் சொன்னார்கள், அது நடக்கவில்லை. இது கிடைத்தது. அடுத்தமுறை சிலையைக் கடக்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிதம்பரம் கொள்ளிடத்துக்கு வடக்கே அல்லவா இருக்கிறது? அதை டெல்டா கணக்கில் சேர்க்கலாமா?
(ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், பாபநாசம்)

வி.ஏ.ஓ. புத்தி போகாது உங்களுக்கு! 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைப் புரட்டுங்கள். சிதம்பரத்தைச் சுற்றியிருக்கும் காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம் எல்லாம் உள்ளே இருக்கின்றன. வீராணத்துக்குக் கொள்ளிடத்துத் தண்ணீர்தான் வருகிறது. சேர்க்கலாம்.

கேள்வி: கும்பகோணம் கல்லூரியில் ஒரு தண்ணீர்ப் பானைக்காகச் சண்டை போட்டு, அதிலிருந்து ஓர் இயக்கமே பிறந்தது என்று என் தாத்தா சொல்வார். கதையா, நிஜமா?
(பள்ளித் தலைமையாசிரியை, நீடாமங்கலம்)

நிஜம், அம்மா. உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கம்.

கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854-ல் தொடங்கியது. காவிரிக்கரையில் நிழலும் காற்றுமாக இருக்கும். ‘தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். கணிதமேதை ராமானுஜன் அங்கே சேர்ந்து, மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பெருமை பேசுகிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் இருமுவார்கள். அந்தக் கேம்பிரிட்ஜில், 1940-களிலும், பிராமண மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்களுக்கு வேறு பானை. ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே ஷேக்ஸ்பியர். தாகம் எடுத்தால் மட்டும் வேறு வேறு ஜாதி.

இன்றைக்குப் படிக்கும்போது அதிர்ச்சியாக இருக்கும். அன்றைக்கு அது ஊர் வழக்கம். ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளிலேயே பிராமணருக்குத் தனி இடம், ‘இதராளுக்கு’த் தனி இடம் என்று 1941 வரை இருந்தது. டெல்டாவின் காபி கிளப்புகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆக, பானை அந்தக் கல்லூரிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. ஆனால் அதைக் கேள்வி கேட்ட பையன்கள் அங்கே இருந்தார்கள். தவமணி இராசன், கருணானந்தம் என்ற இரண்டு மாணவர்கள் முன்னால் நிற்க, 1943 டிசம்பர் 1-ம் தேதி திராவிட மாணவர் கழகம் தொடங்கியது. தொடங்கிவைக்க வந்தவர் அண்ணா. அடுத்த பிப்ரவரியில் கும்பகோணத்திலேயே மாநாடும் போட்டுவிட்டார்கள். அந்தக் கருணானந்தம்தான் பிறகு கவிஞராக அறியப்பட்டவர்.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். அதே காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நெடுஞ்செழியனும் அன்பழகனும் படித்தார்கள். ஒருவர் திருக்கண்ணபுரத்தில் பிறந்தவர், மற்றவர் திருவாரூர் பக்கத்துக் காட்டூர். திருவாரூரில் மு. கருணாநிதி அதற்கும் முன்னால், 1938-லேயே, பதினான்கு வயதில் பையன்களைச் சேர்த்துக்கொண்டு இந்தி எதிர்ப்பு ஊர்வலம் போனார். பிறகு ‘மாணவ நேசன்’ என்று கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினார். பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, எதிரே இருக்கிற கமலாலயக் குளத்தில் விழுந்துவிடுவேன் என்று தலைமையாசிரியரை மிரட்டி இடம் வாங்கியதை அவரே எழுதியிருக்கிறார். ஒருவர் பல வருடம் முதல்வர். மற்ற இருவரும் நீண்டகால அமைச்சர்கள். கோட்டையில் இவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளுக்கு மரம் வெட்டியது நம் டெல்டாவின் விடுதிகளில்தான்.

ஆனால் அம்மா, என் சந்தேகம் வேறு. அந்தப் பானைச் சண்டையில் பிராமணரல்லாதார் என்று ஒரே அணியாக நின்றார்கள். அதே அணிக்குள் சேரிப் பையனுக்கு எந்தப் பானை? அந்தக் காலத்துக் கல்லூரிகளில் அவன் எண்ணிக்கையே சொற்பம். அவனுடைய குரல் இந்தக் கதைகளில் அநேகமாக இல்லை. உங்கள் தாத்தா சொன்ன கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்தக் கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். தலைமையாசிரியைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: என் மகன் ஏதோ சங்கத்தில் சேர்ந்திருக்கிறான். மாணவன் என்றால் படிக்கிற வேலையை மட்டும் பார்த்தால் போதாதா?
(கவலையில் இருக்கும் ஓர் அம்மா, திருத்துறைப்பூண்டி)

என் அம்மாவும் இதையேதான் கேட்டாள். பையனிடம் அரியர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

கேள்வி: மாயவரம் சாரங்கபாணியை உங்களுக்குத் தெரியுமா? அந்த நாட்களைப் பற்றி எழுதுங்களேன்.
(மன்னம்பந்தல் வாசகர்)

நேரில் தெரியாது. 1965-ல், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, நான் ஒன்பதாம் வகுப்பு. அவர் உங்கள் ஊர் ஏ.வி.சி. கல்லூரி மாணவர். எங்கள் கண்ணுக்குக் கல்லூரி அண்ணன்கள் எல்லாருமே ஆறடி உயரம்.

பிப்ரவரி முழுக்கப் பள்ளிக்கூடம் இருந்ததாகவே நினைவில்லை. வகுப்பு தொடங்கும், தெருவில் கோஷம் கேட்கும், வாத்தியார் ஜன்னலை எட்டிப் பார்ப்பார், மணி அடித்துவிடுவார்கள். அந்த நாளில் எங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் தார் வாசனை. ஸ்டேஷன் பலகை, தபாலாபீஸ் பலகை என்று எதில் இந்தி எழுத்து இருந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாகக் கறுத்துப் போகும். எங்கள் தெருவில் ரோடு காண்ட்ராக்டர் வீடு ஒன்று இருந்தது. அவர் கொல்லையில் வைத்திருந்த தார் டின்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. யார் எடுத்தார்கள் என்று அவரும் விசாரிக்கவில்லை, தெருக்காரர்களும் சொல்லவில்லை. என் அரை டிராயரில் பட்ட தார்க்கறையை மண்ணெண்ணெய் போட்டுத் துவைத்துக்கொண்டே அம்மா திட்டிய வசவுகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் எனக்கு மட்டும் காராசேவு வாங்கிவந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவும் இல்லை.

மார்ச் 15-ம் தேதி சாரங்கபாணி தீக்குளித்தார். முந்தைய ஆண்டு ஜனவரியில் கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சியில் தீக்குளித்திருந்தார். இந்த முறை சின்னசாமியைத் தொடர்ந்து வரிசையாகப் பலர். எங்கள் ஊர் அன்றைக்குக் கடை சாத்தியது. பெரியவர்கள் தெருமுனையில் நின்று தணிந்த குரலில் பேசினார்கள். பேச்சுப் போட்டிகளில் இந்தச் சாவுகளை வீரம் என்று பேசிப் பரிசு வாங்குகிறார்கள். நடுவராக உட்காரும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். ஓர் இருபது வயசுப் பிள்ளை தன் உடம்பைக் கொளுத்திக்கொண்டால்தான் டெல்லிக்குக் காது கேட்கும் என்ற நிலைமைக்குப் பெரியவர்கள் வெட்கப்பட வேண்டும். பாராட்டி எழுத என் பேனாவுக்கு வரவில்லை. அவருடைய பெயரை மறக்கக் கூடாது, அந்த வழியை யாரும் எடுக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: 1971-ல் இறந்த உதயகுமார் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?
(வாசகர், சீர்காழி)

பேசுகிறார்கள். தேர்தல் சமயத்தில் மட்டும் பேசுகிறார்கள்.

அப்போது முதல்வர் மு. கருணாநிதி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் கொடுத்தது. மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். போலீஸ் வளாகத்துக்குள் புகுந்து தடியடி நடத்தியது. பிறகு உதயகுமார் என்ற மாணவரின் உடல் வளாகத்துக் குளத்தில் கிடந்தது. எப்படிச் செத்தார் என்பதில் இரண்டு தரப்புக்கும் இரண்டு கதை. நீதிபதி தலைமையில் விசாரணையும் நடந்தது. வாதம் மட்டும் இன்றுவரை ஓயவில்லை. இறந்தவர் தன் மகனே இல்லை என்று தகப்பனார் சொன்னதாகவும், சொல்ல வைக்கப்பட்டதாகவும் ஐம்பது ஆண்டாக மேடையில் பேச்சு.

நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். 65-ல் அதே வளாகத்து மாணவர் மீது துப்பாக்கி திரும்பியபோது ஆட்சியில் காங்கிரஸ். எதிர்த்து முழங்கியது தி.மு.க. ஆறே வருடத்தில் லத்தி யார் உத்தரவில் சுழன்றது? மாணவர்களின் தோளில் ஏறிக் கோட்டைக்குப் போனவர்களுக்கும், போன பிறகு மாணவர் கூட்டம் தலைவலியாகத்தான் தெரிகிறது. ராஜேந்திரன் பெயரைச் சொன்னால் எல்லாக் கட்சிக்காரரும் கைகூப்புவார்கள். உதயகுமார் பெயரைச் சொன்னால், சொன்னவன் எந்தக் கட்சி என்று முதலில் பார்ப்பார்கள். இந்தப் பதிலுக்கும் அப்படித்தான் கடிதம் வரப்போகிறது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், என் அட்டை ரேஷன் அட்டை மட்டும்தான்.

கேள்வி: உங்கள் கதைகளில் பெண்களே இல்லையே, ஐயா?
(எம்.ஏ. வரலாறு படிக்கும் மாணவி, திருவாரூர்)

கேட்டாயே மகளே. 65-ன் புகைப்படங்களைப் பார்த்தால் பெரும்பாலும் மீசை முளைக்கிற முகங்கள்தான். அந்த நாளில் டெல்டாவில் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பிய வீடுகளே குறைவு. ஆனால் 1938-க்குப் போனால், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். மூவலூர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். மாணவி அல்ல; ஐம்பதைத் தாண்டிய வயது. திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையோடு அவரும் நடந்தார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பாய். அவர் நடந்த நடையைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

கிட்டத்தில் வந்தால் 2017. கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் தீப்பிடித்தது. நெடுவாசலில் அந்த வருடத் தொடக்கத்திலிருந்தே ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ஊருக்கும் ஆதரவாகச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு பல்கலைக்கழக மாணவி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. காகிதம் கொடுத்ததற்குக் குண்டர் சட்டம்! சில வாரங்கள் கழித்து உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சேலத்துப் பெண்ணுக்கும் நம் ஊர் நாற்றங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர். அரிசி எங்கிருந்து வருகிறது என்று திருப்பிக் கேட்டேன். மூட்டையைக் காட்டினார். கர்நாடகப் பொன்னி. என் வாதம் அன்று அவ்வளவாக எடுபடவில்லை.

கேள்வி: இப்போதைய மாணவர்கள் செல்போனைத் தவிர எதற்காகவும் போராடுவதில்லை. சரிதானே?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மன்னார்குடி)

சரியில்லை, சார். ஜல்லிக்கட்டை விடுங்கள், அது எல்லோரும் பார்த்தது. 2020 டிசம்பரில் அண்ணாமலைநகரில் நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் மாநில அரசு சட்டம் போட்டுத் தன் கையில் எடுத்தது. பெயர்ப்பலகையில் அரசு வந்ததே தவிர, ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் கட்டணம் மட்டும் தனியார் கணக்கிலேயே நின்றது. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு 5 லட்சத்து 44 ஆயிரம். மற்ற அரசுக் கல்லூரிகளில் அதே படிப்புக்கு 13,610 ரூபாய். நீங்கள் வங்கிக்காரர், எத்தனை மடங்கு என்று போட்டுப் பாருங்கள். ஒரே கலந்தாய்வில் வந்த பிள்ளைகள், ஒரே அரசு, அடுத்தடுத்த மாவட்டம்.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஐம்பது நாளுக்கும் மேல். மார்கழிப் பனியில், கொரோனா காலத்தில், அந்த மருத்துவமனையில் நோயாளிகளையும் பார்த்துக்கொண்டே. காலவரையற்ற விடுமுறை அறிவித்து விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள், போகவில்லை. ஒரு பஸ் கண்ணாடி உடைந்ததாகச் செய்தி இல்லை. கடைசியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. கட்டணமும் மற்ற அரசுக் கல்லூரிகளின் அளவுக்கு இறங்கியது.

65-க்கு ஆண்டுதோறும் கூட்டம் போடுகிறோம். இந்த 2021 வெற்றிக்கு நம் பக்கத்தில் ஒரு போஸ்டரும் நான் பார்த்ததில்லை. கட்சி எதுவும் அதை வைத்து ஓட்டு வாங்க முடியாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால், கும்பகோணத்துப் பானைக்கு நேர்வாரிசு இதுதான். கோஷம் சின்னது, கணக்கு தெளிவானது, எதிரே இருப்பவருக்குப் பதில் சொல்ல வாய் வராது.

கேள்வி: எங்கள் விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை. நான்கு முறை வாய்மொழியாகச் சொல்லிவிட்டோம். உண்ணாவிரதம் இருக்கலாமா?
(பெயர், ஊர் வேண்டாம் என்ற மாணவர்)

ஏற்கெனவே உண்ணாவிரதத்தில்தானே இருக்கிறீர்கள் தம்பி, இன்னொன்று எதற்கு?

முதலில் எழுத்தில் கொடுங்கள். ‘சாப்பாடு மோசம்’ என்று எழுதாதீர்கள். அதற்குக் குழு அமைத்து ஆறு மாதம் ஓட்டுவார்கள். எந்தத் தேதியில், எந்த வேளையில், சாம்பாரில் என்ன கிடந்தது என்று ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்து அதையே மனுவாக்குங்கள். மாதம் எவ்வளவு மெஸ் கட்டணம் கட்டுகிறீர்கள், எத்தனை பேர் கட்டுகிறீர்கள் என்ற கணக்கையும் சேருங்கள். ஒருவர் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் கையெழுத்துப் போட்டவனைத்தான் கூப்பிட்டு மிரட்டுவார்கள். வட்டமாகப் போடுங்கள், யார் முதல் என்று தெரியாது. சமையல்காரரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு என்ன அரிசி, எவ்வளவு எண்ணெய் வருகிறது என்பதை அவர் வாயாலேயே கேளுங்கள். பாதி விஷயம் அங்கே தெரிந்துவிடும். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் ஒரு பிரதி அனுப்பலாம்.

மனுவைக் கொடுக்கும்போது நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ‘அப்புறம் வா’ என்றால், ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.